கூடுதல் வரி யார் தலையில்?

பள்ளிக்கூடம் கட்டுவது சர்க்கார். ரோடு போடுவது சர்க்கார். கண்மாய்க் கரையை உயர்த்துவது சர்க்கார். இந்த வேலைகளின் மேல் வரி போடுவதும் சர்க்கார்தான். வேலை நடந்து கொண்டிருக்கும்போதே வரி விகிதம் ஏறினால், அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்க வேண்டியது யார்?

காண்ட்ராக்டரைக் கேட்டால், "இலாகாதான் தர வேண்டும்" என்கிறார். இலாகாவைக் கேட்டால், "சகல வரிகளும் உட்பட என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயே, இப்போது என்ன பேச்சு?" என்கிறது. ஃபைல் மேஜைக்கு மேஜை நகர்கிறது. வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. இந்த வாதப் பிரதிவாதத்தில் இரண்டு பேருடைய குரல் மட்டும் கேட்பதே இல்லை. ஜல்லிக் கூடை சுமக்கும் சித்தாளின் குரல் ஒன்று; அந்த ரோட்டுக்காகக் காத்திருக்கும் ஊர் ஜனங்களின் குரல் மற்றொன்று. கடைசியில் சுமை வந்து இறங்குவதோ இந்த இருவர் தலையில்தான்.

2017 ஜூலை 1ந் தேதி சரக்கு மற்றும் சேவை வரி அமுலுக்கு வந்த நாள் முதல் இந்தக் கேள்வி நிலுவையில் நிற்கிறது. இதை வெறும் கணக்குப்பிள்ளை விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் வேலையில் எவ்வளவு மக்களுக்குச் சேருகிறது, எவ்வளவு கூலியாகப் போகிறது, எவ்வளவு கஜானாவுக்கே திரும்புகிறது என்பதே பிரச்னை.

பழைய ஏற்பாடு என்ன?

கட்டிட வேலைக்கு விற்பனை வரி போடலாமா என்ற வழக்கு நமது சென்னை ராஜ்யத்திலிருந்துதான் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. கட்டிடம் கட்டித் தருவது ஒரே பிளவுபடாத ஒப்பந்தம், அதற்குள் சரக்கு விற்பனை என்று தனியாக ஒன்று இல்லை, ஆகவே ராஜ்ய சர்க்கார் அதற்கு விற்பனை வரி போட முடியாது என்று 1958ல் தீர்ப்பாயிற்று. பிறகு 1982ல் அரசியல் சட்டத்தின் 46வது திருத்தம் வந்தது. வேலையில் சேரும் சரக்குகளின் மேல் வரி போடும் அதிகாரம் ராஜ்யங்களுக்குக் கிடைத்தது. அப்போதும் கூலி முதலிய செலவுகளைக் கழித்துவிட்டு, சரக்கின் மதிப்பின் மேல்தான் வரி போடலாம் என்று 1992ல் சுப்ரீம் கோர்ட் வரம்பு கட்டியது. இந்தக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் மொத்த மதிப்பில் ஒரு சிறு தொகையைக் கட்டி முடித்துக் கொள்ளவும் வழி இருந்தது. தமிழ்நாட்டின் 2006ம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தில், சிவில் வேலைகளுக்கு இந்தத் தொகை 2 சதவிகிதம். சர்க்காருக்காகச் செய்யும் ரோடு, கால்வாய், அணை வேலைகளுக்கு மத்திய சேவை வரியிலிருந்து விலக்கும் இருந்தது.

பழைய ஏற்பாடு ஏழைகளுக்குச் சொர்க்கமாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. சிமெண்டு விலையிலும் இரும்பு விலையிலும் எக்சைஸ் வரி மறைந்து கிடந்தது. ஆனால் சித்தாளின் கூலியைத் தொட்டு வரி போடும் பழக்கம் இல்லை. 2017ல் அந்த வரம்பு உடைந்தது. சரக்கு, கூலி, யந்திர வாடகை, லாபம் எல்லாம் சேர்ந்த முழு மதிப்பின் மேலும் வரி விழுந்தது. பொருளின் மதிப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத சில பஞ்சாயத்து, நகரசபை வேலைகளுக்கு விலக்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் பள்ளிக்கூடமும் பாலமும் தார் ரோடும் சிமெண்டு, கம்பி, ஜல்லி இல்லாமல் எழும்புமா?

விகிதமாவது ஒரு நிலையில் நின்றதா? அதுவும் இல்லை. 2017 ஜூலையில் 18 சதவிகிதம். அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ரோடு, பாசனம், குடிநீர், பள்ளி, ஆஸ்பத்திரி முதலிய சர்க்கார் வேலைகளுக்கு 12 சதவிகிதமாக இறங்கிற்று. அக்டோபரில், முக்கால் பங்குக்கு மேல் மண் வேலையாக உள்ள ஒப்பந்தங்களுக்கு 5 சதவிகிதம் என்றார்கள். 2022 ஜூலை 18ந் தேதி 12 என்பது 18 ஆயிற்று. மண் வேலைக்கு 5 என்பது 12 ஆயிற்று. 2025 செப்டம்பர் 22ந் தேதி, வரியைக் குறைத்துவிட்டோம் என்று மேளம் கொட்டிய அதே நாளில், மண் வேலையும் 18 சதவிகிதத்திற்குப் போயிற்று. கரை கட்டுவது, கால்வாய் வெட்டுவது, தூர் வாருவது போன்ற வேலைகளுக்கு எட்டே ஆண்டுகளில் 5லிருந்து 18! சிமெண்டு வரி 28லிருந்து 18க்கு இறங்கியதைத் தலைப்புச் செய்தியாகப் போட்ட பெரிய பத்திரிகைகளுக்கு, மண் வெட்டுகிறவன் வேலைக்கு ஏறிய வரி கண்ணில் படவில்லை.

ஒரு கணக்கு

ஒரு பஞ்சாயத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு ரோட்டு வேலை என்று வைத்துக் கொள்வோம். 12 சதவிகித வரி ரூ. 1,20,000. ஆக மொத்தம் ரூ. 11,20,000 மஞ்சூராகிறது. வேலை முடிவதற்குள் வரி 18 சதவிகிதமாக ஏறிவிட்டது. இப்போது வரி ரூ. 1,80,000. அறுபதாயிரம் ரூபாய் துண்டு விழுகிறது.

இலாகா கூடுதலாக ஒரு காசும் தர மறுத்தால், ரூ. 11,20,000க்குள்ளேயே வேலையும் வரியும் அடங்க வேண்டும். வரி போக வேலைக்கு மிஞ்சுவது ரூ. 9,49,153. வேலையிலிருந்து ஐம்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் காணாமல் போகிறது. ஆயிரம் மீட்டர் ரோடு ஏறக்குறைய 949 மீட்டர் ரோடாகிவிடுகிறது என்று அர்த்தம். நீளத்தைக் குறைத்தால் ஊர் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். கனத்தைக் குறைத்தால் அடுத்த மழை வரைக்கும் யாருக்கும் தெரியாது. கூலியைக் குறைத்தால் அதுவும் வெளியே தெரியாது. நாள் கூலி அறுநூறு ரூபாய் என்று வைத்தால், அந்த ஐம்பதாயிரம் என்பது எண்பத்துநாலு ஆள் கூலி. எண்பத்துநாலு ஆள் கூலியை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று காண்ட்ராக்டர் கணக்குப் போடும்போது, அவர் கண் முதலில் சிமெண்டுக் கம்பெனியின் மேல் விழாது. அங்கே முன்பணம் கட்டினால்தான் லோடு இறங்கும். மேஸ்திரியிடம், "பில் பாஸ் ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் சர்க்கார் தரப்பு ஒரு வாதம் சொல்லுகிறது. காண்ட்ராக்டர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ளலாமே என்கிறது. வாஸ்தவம். சரக்கு வரி கூடுதலாகவும் வேலை வரி குறைவாகவும் இருந்தால் கழிக்க வேண்டிய தொகை தேங்கி நிற்கிறது. அந்த ஏறுமாறைத் திருத்தத்தான் 2022ல் விகிதத்தை ஏற்றினோம் என்றும் சொன்னார்கள். மேலே சொன்ன வேலையிலேயே பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சரக்கு. அதற்கு 18 சதவிகிதம் என்றால் ரூ. 90,000 வரி முன்பே கட்டியாயிற்று. பழைய விகிதத்தில் ரொக்கமாகக் கட்ட வேண்டியது முப்பதாயிரம். புதிய விகிதத்தில் தொண்ணூறாயிரம். கழிவு அன்றும் அதேதான், இன்றும் அதேதான். ஏறிய அறுபதாயிரம் அப்படியே நிற்கிறது. ஏறுமாறு திருந்தியது, சரி. அதற்கான பணத்தை யார் தந்தது?

கூலிக்குக் கழிவு கிடையாது. டீசலுக்கும் கிடையாது, பெட்ரோலும் டீசலும் இந்த வரிக்கு வெளியே நிற்பதால் அவற்றின் மேல் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. ஆகவே எந்த வேலையில் ஆட்களின் உழைப்பு அதிகமோ, அந்த வேலையில் கழிவு குறைவு. கையிலிருந்து கட்டும் ரொக்கம் அதிகம்.

பெரியவனுக்கு ஒரு நியாயம், சிறியவனுக்கு ஒரு நியாயம்

எல்லோருமா இந்தச் சுமையைச் சுமக்கிறார்கள்? தேசிய நெடுஞ்சாலைகளின் பெரிய ஒப்பந்தங்களில் "சட்ட மாற்றம்" என்று ஒரு ஷரத்து இருக்கிறது. ஒப்பந்தம் ஆன பிறகு வரி ஏறினால் நஷ்ட ஈடு கேட்க அது வழி செய்கிறது. அனல் மின்சாரக் கம்பெனிகளின் விஷயத்தில், ஜி.எஸ்.டி. வந்ததே சட்ட மாற்றந்தான் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2018ல் முடிவு செய்தது. கூடுதல் செலவை மின்சாரம் வாங்கும் விநியோக ஸ்தாபனங்களிடம் வசூலிக்க வழி திறந்தது. அந்தச் செலவு கடைசியில் மின்சாரக் கட்டணமாக ஜனங்களிடம்தான் வரும்.

பஞ்சாயத்து யூனியன் டெண்டர் எடுக்கும் சிறு காண்ட்ராக்டருக்கு அந்த ஷரத்து எங்கே? வழக்கமான அச்சுப் பாரத்தில் "சகல வரிகளும் உட்பட" என்ற ஒரு வரிதான் உண்டு. 1930ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்லும் கொள்கை எளிமையானது. பேரம் முடிந்த பிறகு வரி ஏறினால் விற்பவன் கூட்டி வாங்கலாம். இறங்கினால் வாங்குபவன் கழித்துக் கொடுக்கலாம். ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால்தான் மாறும். நியாயமான இந்தக் கொள்கையைத் தன்னுடைய வேலைகளுக்கு ஒரே சீராக எழுதி வைக்க சர்க்காருக்கு என்ன தடை?

எழுதி வைக்காததால் ஒவ்வொரு ராஜ்யமும் ஒவ்வொரு வழி போயிற்று. ஒரிஸ்ஸா சர்க்கார் 2017 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது. ஒரு வருஷம் கழித்து 2018 டிசம்பரில் அதைத் திருத்தி வேறொன்று போட்டது. காண்ட்ராக்டர்கள் ஹைகோர்ட் படியேறினார்கள். கர்நாடகத்தில் 2023ல்தான் ஹைகோர்ட் ஒரு வழி காட்டியது. 2017 ஜூலைக்கு முந்திய வேலைக்குப் பழைய வரி. மீதி வேலைக்குச் சரக்கு, கழிவு எல்லாவற்றையும் கணக்கிட்டுப் புதிய வரி. ஒப்பந்தத் தொகைக்கு மேல் போகும் வித்தியாசத்தை வேலை கொடுத்த இலாகா ஈடு செய்ய வேண்டும். இந்த வெளிச்சத்துக்கு ஆறு வருஷங்கள்! பெரிய கம்பெனிக்கு வக்கீல் உண்டு, பாங்கிக் கடன் உண்டு, காத்திருக்கலாம். சிறு காண்ட்ராக்டர் வட்டிக்கு வாங்குகிறார். அவரிடம் கூலி பாக்கி நிற்கும் சித்தாளால் ஆறு வாரம் காத்திருக்க முடியுமா?

காண்ட்ராக்டர்களுக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களில் பலருடைய கணக்குப் புத்தகம் நமக்குத் தெரியாததல்ல. சரக்கு வரியைக் கழித்தும் கொண்டு, அதையே செலவிலும் சேர்த்து இலாகாவிடம் இரண்டாம் தடவை கேட்பது புரட்டு. விகிதம் ஏறும்போது கூக்குரலிட்டு, இறங்கும்போது வாய் மூடி லாபத்தில் சேர்த்துக் கொள்வதும் புரட்டு. வரி குறைந்தால் பலனை வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171வது பிரிவு சொல்லுகிறது. ஆனால் 2025 ஏப்ரல் 1ந் தேதி முதல் அந்தப் பிரிவின் கீழ் புதிய புகார்கள் ஏற்கப்படுவதில்லை. சிமெண்டு வரி இறங்கியது அதற்குப் பிறகு, செப்டம்பரில். புகார்க் கதவை அடைத்துவிட்டுச் சலுகையை அறிவித்திருக்கிறார்கள்! ஆகவே ஏறியதற்கு ஈடும் இறங்கியதற்குக் கழிவும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும் என்பதே நமது நிலை.

எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு?

"இலாகா கொடுத்தால் என்ன? சர்க்கார் பணம் சர்க்காருக்கே திரும்பி வருகிறது" என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். எந்த சர்க்காருக்கு? 18 சதவிகிதத்தில் 9 மத்திய சர்க்காருக்கு. 9 ராஜ்ய சர்க்காருக்கு. மத்திய சர்க்காரின் பங்கில் 41 சதவிகிதம் எல்லா ராஜ்யங்களுக்கும் பொதுவாகப் பிரிக்கப்பட வேண்டும் என்றது 2021-26க்கான பதினைந்தாவது நிதிக் கமிஷன். மீதி டில்லியில் தங்குகிறது. பணத்தைக் கொடுத்த பஞ்சாயத்தோ, நகரசபையோ தான் கட்டிய வரியில் நேரடியாக ஒரு பங்கைக் கேட்க உரிமை இல்லை.

பார்லிமெண்டு மெம்பரின் தொகுதி நிதியைப் பாருங்கள். 2011-12 முதல் வருஷத்திற்கு ஐந்து கோடி ரூபாய் என்றே நிற்கிறது. அவ்வளவையும் 18 சதவிகித வரியுள்ள வேலைகளுக்குச் செலவிட்டால், வேலைக்குப் போவது சுமார் 4 கோடியே 24 லட்சம். வரியாகப் போவது சுமார் 76 லட்சம். அதில் பாதி, 38 லட்சம், மத்திய சர்க்காரின் கணக்கில் போய் விழுகிறது. ஐந்து கோடி கொடுத்தோம் என்று பலகை எழுதுகிறவர்கள், அதில் எவ்வளவு திரும்ப வாங்கிக் கொண்டோம் என்று பலகையில் எழுதுவதுண்டா?

மத்திய சர்க்காரை மட்டும் குற்றம் சொல்லி ராஜ்ய சர்க்கார்கள் தப்பித்துக் கொள்ள முடியாது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. ராஜ்யங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். டில்லி இல்லாமல் எதுவும் நடக்காது என்பது உண்மை. ராஜ்யங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தால் டில்லியாலும் நடத்த முடியாது என்பதும் அதே அளவு உண்மை. மண் வேலைக்கு 18 சதவிகிதம் என்று முடிவானபோது அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மந்திரிகள் எல்லோரும் ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எஸ்டிமேட்டிலும் டெண்டரிலும் வேலையின் மதிப்பு தனியாகவும் வரி தனியாகவும் காட்டப்பட வேண்டும். வரியைத் தவிர்த்த விலையைத்தான் டெண்டரில் கேட்க வேண்டும். சட்டப்படி எந்த விகிதம் பொருந்துகிறதோ, அந்த வரியை இலாகா மேற்கொண்டு தர வேண்டும். "சகல வரிகளும் உட்பட" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் எந்த இலாகாவும் ஒளிந்து கொள்ளக் கூடாது.

இரண்டாவது, ஒப்பந்தத்திற்குப் பிறகு விகிதம் ஏறினால் கழிவு போக மீதி வித்தியாசத்தை இலாகா கொடுக்க வேண்டும். இறங்கினால் பிடித்துக் கொள்ள வேண்டும். கோடிக்கணக்கான வேலைக்கும் சில லட்ச ரூபாய் வேலைக்கும் இந்த ஷரத்து ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது, இந்த வித்தியாசத்தை ரோட்டுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய தொகையிலிருந்து வெட்டக் கூடாது. பஞ்சாயத்து, நகரசபை வேலைகளில் வசூலாகும் வரியை மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் அந்த ஸ்தல ஸ்தாபனங்களுக்கே மானியமாகத் திருப்பித் தர வேண்டும்.

நான்காவது, மண் வேலைக்கான வரியை மீண்டும் 5 சதவிகிதத்திற்கு இறக்க வேண்டும். ஏரியும் கால்வாயும் கரையும் ஆடம்பரச் சரக்கல்ல.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: கூலி முதலில். காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்தவரே தர வேண்டும் என்பது 1970ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21வது பிரிவு. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புகள் அந்தச் சட்டத்தை விழுங்கிவிட்டன; இருந்தும் இந்தக் கடமை எழுத்தில் நிற்கிறது. சர்க்கார் வேலையில் வேலை கொடுத்தவர் சர்க்கார்தான். வரித் தகராறு எத்தனை வருஷம் நடந்தாலும் நடக்கட்டும். கூலிப் பட்டியலைப் பார்த்து, பாக்கி இல்லை என்று உறுதி செய்யாமல் எந்தப் பில்லும் பாஸாகக் கூடாது. பாக்கி இருந்தால் பில் தொகையிலிருந்து இலாகாவே நேராகத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி.க்காக இரண்டரை லட்சத்திற்கு மேற்பட்ட ஒப்பந்தங்களின் பில்லில் 2 சதவிகிதம் முன்கூட்டியே பிடித்துக் கொள்ளத் தெரிந்த சர்க்காருக்கு, சித்தாளின் கூலியைப் பிடித்துக் கொடுக்கத் தெரியாதா?

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறக் கோர்ட்டு வாசலையே பார்த்துக் கொண்டிருந்தால் போதாது. கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் ஒவ்வொரு சர்க்கார் வேலையிலும் கூலிப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கிராம சபை கூடும் நாளில் ஊர் ஜனங்கள் எழுந்து, "எங்கள் ஊர் வேலைக்கு மஞ்சூரான தொகை எவ்வளவு? அதில் வரி எவ்வளவு? கூலி எவ்வளவு? பாக்கி எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். ராஜ்ய சர்க்கார் தனது டெண்டர் ஷரத்துக்களைத் திருத்த டில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் உத்தரவு போதும். அந்த உத்தரவை உடனே பிறப்பிக்க வேண்டுமென்றும், அடுத்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் மண் வேலை வரியைக் குறைக்கும் பிரேரணையைக் கொண்டு வர வேண்டுமென்றும் நாம் வற்புறுத்துகிறோம்.